கரிசலில் மக்காச்சோளம்: விதைக்கும் முன் மண்ணைத் தயார் செய்வது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள் உரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கரிசலில் இந்தப் பயிரை முதலில் கெடுப்பது வேரடியில் தேங்கும் தண்ணீர். எங்கள் வயலில் மேட்டுப் பகுதி செழித்து நிற்க, பள்ளப் பகுதி மட்டும் வருடா வருடம் வெளுத்தது. அதைச் சரிசெய்த முறை இது.

1. மண் பரிசோதனை

வயலில் 10, 15 இடங்களில் ஆங்கில ‘வி’ போல அரை அடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். கார அமில நிலை (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. கரிசலில் 8ஐத் தாண்டுவது சகஜம். அப்படி வந்தால் 4ஆம் படி உங்களுக்கு அவசியம்.

2. தண்ணீர் வடிகிறதா?

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வயலின் தாழ்ந்த இடத்தில் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தண்ணீர் மறுநாளும் நின்றால் வடிகால் போதாது.

மக்காச்சோளத்தின் குருத்து ஆறு இலை வரும்வரை மண்ணுக்குள்தான் இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஐப்பசி மழை இரண்டு மூன்று நாள் தேங்கினால் வேருக்குக் காற்றில்லாமல் பயிர் அழுகும். தப்பித்த பயிருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்காது, மண்ணிலிருந்தே அது காற்றாகப் போய்விடும். தேங்கிய நீரில் யூரியா வீசுவது வீண். முதலில் நீரை வடியுங்கள், அப்புறம் யூரியா.

இரண்டடி இடைவெளியில் பார் (நீளவாக்கில் மண்மேடு) பிடித்து, விதையைப் பாரின் சரிவில் ஊன்றுங்கள். வாய்க்காலின் அடியில் ஊன்ற வேண்டாம். எல்லா வாய்க்காலும் சேரும் கடைசி மூலையில் வரப்பை வெட்டி வடிகால் விடுங்கள். பலர் பார் பிடிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், தண்ணீர் வெளியேற வழியே இருப்பதில்லை.

3. உழவு

ரோட்டவேட்டரை மட்டும் நம்புவது எனக்குப் பிடிக்காது. மேலே மாவாக்கிவிட்டு அடியை இறுக்கிவிடுகிறது. கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையை (அடிமண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் கலப்பை) ஒன்றரை அடி இடைவெளியில் ஒரு தடவை ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் அடிமண் உடையாது, கோடு மட்டும்தான் விழும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம்.

4. துத்தநாகம்

சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் துத்தநாகம் (ஜிங்க்) பயிருக்குச் சரியாகக் கிடைக்காது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுங்கள். டிஏபி உரத்தோடு கலக்கவே கூடாது, அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிற்சேர்க்கை: விதைத்த பிறகு வெளுத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எந்த இலை என்று பாருங்கள். அடி இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. புது இலையில் நடுநரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகக் குறை. இதற்கு லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், 10 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளியுங்கள்.