வால்சக்கர விமானத்தைத் தரையிறக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பைப்பர் ஜே-3 கப், செஸ்னா 170, சிட்டாப்ரியா போன்ற சிறு வால்சக்கர விமானம் (முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம்) தரையிறங்கும்போது சேதமடைந்தது என்றால், பல சமயம் சக்கரம் அழகாகத் தரையைத் தொட்ட பிறகுதான் அது நடந்திருக்கும். "இறங்கியாச்சு" என்று விமானி, ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) மிதித்து இயக்கும் கால்களைத் தளர்த்துவதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

இந்த விமானங்களில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைப் பின்புறம் முன்னாக வேகமாகத் தள்ளிவிட்டால் அது தானாகவே திரும்பிக்கொள்ளப் பார்க்கும். இங்கும் அதே கதை. மூக்கு சற்று விலகினாலும் பின்னாலிருக்கும் எடை அந்த விலகலை மேலும் வளர்க்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் ரட்டரால் பிடிக்க முடியாது. விமானம் சுழன்று, வெளிப்பக்க இறக்கை தரையில் உரசும். சக்கரக் காலே முறியலாம். இதுதான் கிரவுண்ட் லூப்.

வேகம் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேகம் குறைந்தால் ரட்டர் மேல் பாயும் காற்றும் குறைகிறது, பிடி தளர்கிறது. அதனால் மூன்று சக்கரமும் தரையில் பட்ட பிறகு ஸ்டிக்கை (கையால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்பை) முழுதாகப் பின்னுக்கு இழுத்தே வைத்திருங்கள். வால்சக்கரம் தரையில் அழுந்தும். பக்கக் காற்று இருந்தால், வேகம் குறையும்போது காற்று வரும் பக்கம் எய்லரானை (இறக்கையைச் சாய்க்கும் பின்விளிம்புத் தகட்டை) கூட்டிக்கொண்டே போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாக, நடுவுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

கண்ணை மூக்கிலேயே வைத்திருப்பதும் தவறு. வால் தாழ்ந்தபின் முன்பக்கம் சரியாகத் தெரியாது. கப்பைத் தனியாக ஓட்டுபவர் பின்னிருக்கையில் வேறு உட்கார வேண்டும். ஓடுபாதையின் கடைசிமுனையையும் இருபக்க ஓரங்களையும் பார்த்தால் விலகல் அரும்பும்போதே தெரியும். அப்போது ரட்டரைச் சின்னதாக அழுத்தி, உடனே விடுங்கள். தாமதமாகப் பெரிதாக அழுத்தினால் விமானம் மறுபக்கம் இன்னும் பலமாகத் திரும்பும்.

பக்கவாட்டில் நகர்ந்தபடி இறங்காதீர்கள். புல்தரை சற்று வழுக்கி மன்னிக்கும். தார்ப்பாதையில் டயர் கவ்விக்கொள்ளும்.

துள்ளலுக்கு வருவோம். முன்சக்கரங்கள் வேகமாக இடித்தால் பின்னாலிருக்கும் எடையால் வால் கீழே போகும், இறக்கையின் கோணம் கூடும், விமானம் மறுபடி எழும்பும். பதற்றத்தில் ஸ்டிக்கை முன்னே தள்ளினால் அடுத்த இடி முன்னதைவிட மோசமாகும். புரொப்பல்லர் தரையில் படக்கூடும். சிறு துள்ளலென்றால் நிலையை அப்படியே வைத்து, கொஞ்சம் பவர் கொடுத்து மெதுவாக இறக்கலாம். பெரிய துள்ளலென்றால் பேசாமல் முழு பவர் கொடுத்து மேலே போய்விடுங்கள்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக: வேகத்தில் ஓங்கி மிதித்தால் வால் கிளம்பி விமானம் மூக்குக் குத்தும்.

அமெரிக்காவில் இவ்வகை விமானத்தை ஓட்டப் பயிற்றுநரின் தனி ஒப்புதல் வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே பொறுப்பு விமானியாக ஓட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. பக்கக் காற்றில் இறங்குவதும், இறங்காமல் மேலே திரும்புவதும் அந்தப் பயிற்சியில் உண்டு. ஒப்புதல் வாங்கிய கையோடு பலத்த பக்கக் காற்றில் போய் இறங்கிப் பார்க்க வேண்டாம். ஓடுபாதையை நெருங்கும்போதே முழு ரட்டர் கொடுத்தும் மூக்கு நேராக நிற்கவில்லையென்றால், தரையில் அது நிச்சயம் நிற்காது. காற்றுக்கு நேரெதிராக அமைந்த வேறு ஓடுபாதையைத் தேடிப் போங்கள்.