ஃப்ளெட்சர் வகை டெஸ்ட்ராயர் மாடல்: முதலில் தேதி, அப்புறம் பெயின்ட்

கப்பல் மாடல் கட்டத் தொடங்குபவர்களில் பலர் ஃப்ளெட்சர் வகை டெஸ்ட்ராயரில்தான் (வேகமான சிறு போர்க்கப்பல்) ஆரம்பிக்கிறார்கள். நல்ல தேர்வுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இந்த வகையில் மட்டும் 175 கப்பல்களைக் கட்டியது. நிஜக் கப்பலில் 700-ல் ஒரு பங்கு (1/700), 350-ல் ஒரு பங்கு (1/350) என்ற இரண்டு அளவிலும் ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய கிட் இருக்கிறது, பழைய படங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் புதியவர்கள் முடித்துக் காட்டும் மாடல்களில், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. பசை வழிவது, டீகால் (ஒட்டுப்படம்) சுருங்குவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது கை பழகினாலும் போகாத தவறுகளை.

பெயரை மட்டும் பார்த்துக் கப்பலைக் கட்டுவது

பணத்தையும் மாதக்கணக்கான உழைப்பையும் ஒன்றாக வீணாக்குவது இதுதான். இன்றும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு இளைஞர் ஜான்ஸ்டன் என்ற ஃப்ளெட்சர் வகைக் கப்பலைக் கட்டி எடுத்துவந்தார். கைவேலை அபாரம். கைப்பிடிக் கம்பிகள் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. ஆனால் கப்பலின் நடுவே நான்கு குழல் போஃபர்ஸ் பீரங்கிகள் இரண்டு உட்கார்ந்திருந்தன. டார்பிடோ குழல் தொகுதி ஒன்றே ஒன்று. போஃபர்ஸ் என்றதும் நமக்கு ஹோவிட்சர் ஊழல்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது அதே ஸ்வீடன் நிறுவனம் வடிவமைத்த 40 மி.மீ. விமான எதிர்ப்பு பீரங்கி. மாடலின் மேல் பலநிறப் பட்டைகளாக உருமறைப்பு வேறு. விசாரித்தால், லூசியானாவின் பேட்டன் ரூஜில் மியூசியமாக நிற்கும் கிட் (Kidd) என்ற இன்னொரு ஃப்ளெட்சர் கப்பலின் படங்களைப் பார்த்துச் செய்திருக்கிறார். கூடுதல் பாகங்களை விற்ற கடைக்காரர், "ஃப்ளெட்சர் எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாகங்களின் விலை மாடல் கிட்டின் விலையைவிட அதிகம்.

பேட்டன் ரூஜ் கப்பல் 1945 ஆகஸ்டில் இருந்த தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. ஜான்ஸ்டன் பணியில் சேர்ந்தது 1943 அக்டோபர் 27. பிலிப்பைன்ஸின் சமர் தீவுக்கு அருகே மூழ்கியது 1944 அக்டோபர் 25. அது 1945-ஐப் பார்க்கவே இல்லை. மூழ்கிய அன்று காலை, கமாண்டர் எர்னஸ்ட் எவன்ஸ் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஜப்பானியக் கப்பல்களை நோக்கி அதைத் திருப்பி, பத்து டார்பிடோக்களையும் ஏவினார். குமானோ என்ற கனரக குரூசரின் முன்பகுதி சிதைந்தது. ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதி இருந்ததால்தான் பத்து. ஒரு தொகுதி மட்டும் வைத்துக் கட்டினால், அந்தக் கப்பல் செய்த காரியத்தையே மாடலிலிருந்து பிடுங்கிவிட்டதாக அர்த்தம்.

டார்பிடோ தொகுதி ஒன்று போய் நான்கு குழல் போஃபர்ஸ் வந்த மாற்றம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் குழப்பமே வராது. ஜான்ஸ்டன் பாதுகாத்த விமானந்தாங்கிகளில் ஒன்றான செயின்ட் லோவை அதே அக்டோபர் 25 அன்று காமிகாசே (ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல்) விமானம் ஒன்று மோதி மூழ்கடித்தது. அடுத்த ஆண்டு ஒகினாவாவில், ரேடார் காவலுக்கு முன்னால் நிறுத்தப்பட்ட டெஸ்ட்ராயர்கள் மேல் இந்த விமானங்கள் அலையலையாக விழுந்தன. பாய்ந்து வரும் விமானத்தை 20 மி.மீ. குண்டு துளைக்கும், ஆனால் நிறுத்தாது. நிறுத்த 40 மி.மீ. வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். நான்கு குழல் பீரங்கி கனமானது. மேல்பாரம் கூடினால் கப்பல் உருளும். அதனால் முன் டார்பிடோ தொகுதியைக் கழற்றினார்கள். 1943 நடுவிலிருந்து ஐந்து இரட்டைக் குழல், அதாவது பத்துக் குழல் என்றிருந்த 40 மி.மீ. கணக்கு பதினான்கானது: இரண்டு நான்கு குழல், மூன்று இரட்டை. இதுவும் எல்லா ஃப்ளெட்சர்களுக்கும் கிடைக்கவில்லை.

இப்போது பெயின்டுக்கு வருவோம். உருமறைப்புப் பெயின்ட் திட்டங்களுக்கு அமெரிக்கக் கடற்படை வைத்த பெயர் மெஷர். அவற்றில் 31, 32, 33 என்ற பட்டை வடிவங்கள், பெரிஸ்கோப் வழியே பார்க்கும் நீர்மூழ்கிக்காரனுக்குக் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பதைக் குழப்புவதற்காக வந்தவை. மேலிருந்து பார்க்கும் விமானியிடம் அந்த வித்தை பலிக்காது. பளிச்சென்ற பட்டை கப்பலைக் காட்டிக்கொடுக்கவே செய்யும். ஆகவே 1945-ல் மெஷர் 21, 22 போன்ற எளிய திட்டங்களுக்குத் திரும்பினார்கள். பீரங்கியை மாற்றியதற்கும் பெயின்டை மாற்றியதற்கும் காரணம் ஒன்றே. பட்டை உருமறைப்பும் நான்கு குழல் போஃபர்ஸும் ஒரே கப்பலில் தெரிந்தால், தேதியிட்ட படம் கையில் இல்லாமல் அதைக் கட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மாடல் கிட்டை வாங்கும் முன்பே மாதமும் வருஷமும் முடிவு செய்யுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய கடைசி ரீஃபிட் (தளத்தில் நிறுத்திப் பழுதுபார்த்து மாற்றும் வேலை) படங்களைத் தேடுங்கள். மேர் ஐலண்ட் கப்பல் தளத்தில் வேலை முடிந்ததும் எடுத்த படங்களில், மாற்றிய இடங்களை வட்டமிட்டுத் தேதியும் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு படம் கிடைத்தால் மற்ற எதையும் நம்பத் தேவையில்லை.

பாஸ்டனில் இருக்கும் கேசின் யங், பஃபலோவில் இருக்கும் தி சல்லிவன்ஸ் என்ற ஃப்ளெட்சர் கப்பல்கள் இரண்டும் போருக்குப் பின் மாற்றப்பட்ட தோற்றத்தில் நிற்பவை. போர்க்கால மாடலுக்கு அவற்றின் படங்களைப் பார்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

மெஷர் 22-இன் கோட்டை வளைப்பது

கீழே நேவி ப்ளூ, மேலே ஹேஸ் கிரே. இரண்டும் சந்திக்கும் கோடு மேல்தளத்தின் விளிம்போடு வளைந்து போகாது. மேல்தள விளிம்பு எந்த இடத்தில் மிகத் தாழ்வாக இருக்கிறதோ, அந்த உயரத்தில் கப்பல் முழுக்க நீர்மட்டத்துக்கு இணையாக நேராக ஓடும். அதனால் முன்பகுதியில், கோட்டுக்கு மேலே உடலின் ஒரு பகுதி சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். மாடலை மேசையில் சமமாக நிறுத்தி, ஒரே உயரத்தில் பென்சிலைப் பிடித்துச் சுற்றிலும் கோடு போட்ட பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கண்ணளவு இங்கே உதவாது.

ஒரு பக்கப் பட்டையை மறுபக்கம் திருப்பி வரைவது

இரண்டு பக்கமும் வேறு வேறு வடிவம். இரண்டு வரைபடமும் வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தேடுவது

அன்று புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் நீலம் வெளிறியும் சிவப்பு கறுத்தும் விழும். படத்தில் வெளிறித் தெரிகிறது என்பதற்காக நேவி ப்ளூவைச் சாம்பலாக மாற்றிவிடுகிறார்கள். படத்திலிருந்து வடிவத்தை எடுங்கள். நிறத்தைக் கடற்படையின் பெயின்ட் உத்தரவுகளிலிருந்து எடுங்கள்.

மரத்தளம்

கிடையாது. இரும்பு, அதன் மேல் டெக் ப்ளூ.

கடல் விமானமும் கேட்டபல்டும்

கடல் விமானமும் அதை ஏவும் கேட்டபல்டும் பிரிங்கிள், ஸ்டீவன்ஸ், ஹால்ஃபோர்ட் போன்ற மிகச் சில கப்பல்களில் கொஞ்ச காலம் இருந்தன. உங்கள் கப்பலில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

நிழலோடு கூடிய பெரிய வெள்ளை எண்கள்

கப்பலின் உடலில் எழுதும் அந்தப் பெரிய எண்கள் போருக்குப் பிந்தையவை. போர்க்காலத்தில் எண் சிறியது.

1945-க்கும் பழைய நீலத்தையே அடிப்பது

1945 தொடக்கத்தில் நீல நிறமிக்குத் தட்டுப்பாடு வந்தது. நீலச் சாயல் இல்லாத சாம்பல் பெயின்டுகளைக் கொண்டுவந்தார்கள். இருப்பில் இருந்த பழைய பெயின்டும் தீரும்வரை ஓடியது. போரின் கடைசி மாதங்களில் நிற்கும் கப்பலைக் கட்டுகிறீர்கள் என்றால், இரண்டில் எதை அடித்தார்கள் என்று அந்தக் கப்பலின் ரீஃபிட் மாதத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.