உணவில் நச்சு உலோகங்கள்: மாதிரித் தயாரிப்பு முறைகளை ஒப்பிடுகையில் நேரும் தவறுகள்

அரிசி, மீன், மஞ்சள்தூள் ஆகியவற்றில் உள்ள ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் ஆகியவற்றை அளக்கும் கருவி எத்தனை நுட்பமானதாக இருந்தாலும், கரைசலுக்குள் வந்து சேராத உலோகத்தை அது காட்டப்போவதில்லை. எனவே உணவை உலையில் எரித்துச் சாம்பலை அமிலத்தில் கரைக்கும் உலர் சாம்பலாக்கல், திறந்த கலத்தில் சூடான அமிலத்தால் உணவைச் சிதைத்துக் கரைக்கும் அமிலச் செரிப்பு, மூடிய கலத்தில் மைக்ரோவேவ் செரிப்பு ஆகிய மூன்றில் எது சிறந்தது என்பதை உலோகத்தின் பெயரைச் சொல்லாமல் கேட்பதே முதல் தவறு. சாம்பலாக்கப் பயன்படும், 450 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும் மூடிய உலையான மஃபிள் உலையில் பாதரசம் ஆவியாகிவிடும். மெக்னீசியம் நைட்ரேட் சேர்க்காவிட்டால் ஆர்சனிக்கும் இழக்கப்படும். அதற்காக அம்முறையை ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனெனில் மைக்ரோவேவ் கலத்தில் பொதுவாக அரை கிராம் அளவே வைக்க முடிகிறது, உலையிலோ 5 முதல் 10 கிராம் வரை வைக்கலாம்.

இந்த எடை வேறுபாடு பலர் நினைப்பதைவிடப் பெரியது. நிறத்துக்காக ஈய குரோமேட் கலக்கப்பட்ட மஞ்சள்தூளில் அந்த நிறமித் துகள்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. அரைத்துக் கலக்காத தூளிலிருந்து இரண்டு முறைகளுக்கும் தனித்தனியே எடுத்த மாதிரிகள் மாறுபட்டால், அது முறையின் குறையா, எடுத்த கரண்டியின் குறையா என்று சொல்ல முடியாது.

தெரிந்த அளவு உலோகத்தை மாதிரியில் சேர்த்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கும் மீட்பு விகிதத்தை மட்டும் நம்புவதுதான் எனக்கு மிகவும் ஆபத்தானதாகத் தோன்றுகிறது. சோதனையாளர் சேர்க்கும் உலோகம் ஏற்கெனவே கரைந்த நிலையில் இருப்பதால் எளிதாகத் திரும்பக் கிடைக்கும். உமியின் சிலிக்காவிலோ நிறமித் துகளிலோ சிக்கிய உலோகம் அப்படிக் கிடைக்காது. ஆகவே உலோக அளவு முன்பே உறுதிசெய்து சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளையும் உடன் செரிக்க வேண்டும். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. வழங்கும் அத்தகைய பொருளான 1568பி அரிசி மாவில் மொத்த ஆர்சனிக் கிலோவுக்கு 0.285 மில்லிகிராம், அதில் கார்பனுடன் பிணையாத வடிவமான கனிம ஆர்சனிக் 0.092 மில்லிகிராம்.

இவ்விரு எண்களையும் குழப்பிக்கொள்வதும் ஒரு தவறே. தீட்டிய அரிசிக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்துள்ள, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற வரம்பு கனிம ஆர்சனிக்குக்கு உரியது. அதை அளக்க, ஆர்சனிக்கின் வேதி வடிவங்களைச் சிதைக்காத, நீர்த்த அமிலத்தில் மிதமாகச் சூடாக்கும் பிரித்தெடுப்பு வேண்டும். மீனிலோ, ஆர்சனிக்கின் கரிம வடிவமான ஆர்சனோபீட்டெய்ன் நைட்ரிக் அமிலச் செரிப்பிலும் பெரும்பாலும் உடையாமல் நிற்கும். ஆர்கன் பிளாஸ்மாவில் அணுக்களை அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடும், ஆர்சனிக்கை ஹைட்ரைடு வாயுவாக மாற்றி அளக்கும் கருவியோ தவறவிடும்; பழி மட்டும் தயாரிப்பு முறையின்மேல் விழும். பாதரசத்தை நிலைநிறுத்தச் சேர்க்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியின் ஆர்கனுடன் சேர்ந்து, ஆர்சனிக்கின் அணு நிறையான 75-இல் ஆர்சனிக்கைப்போல் தோற்றம் காட்டும்.

ஒரு முறையால் கண்டறிய முடிகிற மிகக் குறைந்த அளவான கண்டறியும் எல்லையைக் கரைசலின் அளவில் ஒப்பிடக் கூடாது. அரை கிராமை 50 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உணவில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம். 10 கிராமை அதே அளவாக்கினால் 5 மைக்ரோகிராம் மட்டுமே. உணவு சேர்க்காமல் அதே படிகளில் ஓட்டும் வெற்று மாதிரியில் அமிலமும் கலமும் விட்டுச்செல்லும் ஈயமும் இதே மடங்கில் பெருகும் என்பதால், ஒவ்வொரு முறைக்கும் தனி வெற்று மாதிரிகளை ஓட்டாமல் எழுதிய எல்லை எண்ணை நான் ஏற்பதில்லை.