அண்ணனின் பெட்டியிலிருந்து சந்திரபாபுவைக் கேட்கும் முறை

முதலில் அண்ணன் ஊரில் இல்லாத நாளாகப் பாருங்கள். பிலாயில் வேலை கிடைத்து ரயில் ஏறிய எங்கள் அண்ணன், "தட்டுல மட்டும் கை வைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாளே பெட்டியைத் திறந்துவிட்டேன். பிஸ்கட் டின்னில் நிமிஷத்துக்கு 45 முறை சுற்றும் சின்ன இசைத்தட்டுகள், துணிப்பையில் 78 முறை சுற்றும் கனமான இசைத்தட்டுகள்.

துடைக்காமல் போடாதீர்கள். வினைல் தட்டு என்றால் மெல்லிய பருத்தித் துணியைச் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்து, கோடு ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்கலாம். 78 தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கில் செய்தது. தச்சர் கதவுக்குப் பாலிஷ் போட ஸ்பிரிட்டில் கரைக்கிறாரே, அதே அரக்கு. இது தெரியாமல் ஒரு தட்டைப் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் தேய்த்துவிட்டேன். பளபளப்பு போய் வெளுத்துவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் ஊசி. 78 தட்டின் பள்ளம் அகலம், மற்றதற்குக் குறுகல். எங்கள் பிளேயரில் ஊசியைத் திருப்பிப்போட ஒரு சின்னக் குமிழ் இருந்தது. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பான ஊசியில் போட்டால் பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம் கேட்கும்.

சரி, எந்தப் பாட்டு முதலில்? அதுவரை எனக்கு ஜே.பி. சந்திரபாபு என்றால் திரையில் தொபுக்கென்று விழுந்து எழும் நகைச்சுவை நடிகர், அவ்வளவுதான். தட்டில் முகம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், வீடியோவில் ஆரம்பிக்காதீர்கள். போனில் கேட்பதானால் திரையைக் கவிழ்த்து வையுங்கள். 'புதையல்' (1957) படத்தின் "உனக்காக எல்லாம் உனக்காக" நல்ல ஆரம்பம். பட்டுக்கோட்டையாரின் வரிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுவார். அடுத்து 'மரகதம்' (1959) படத்தின் "குங்குமப் பூவே". கூடப் பாடுவது ஜமுனாராணி. தூத்துக்குடியில் பிறந்து, சிறு வயதில் கொழும்பில் வளர்ந்த மனிதரிடம் மெட்ராஸ் பாஷை எப்படி இழைகிறது பாருங்கள்.

'கவலை இல்லாத மனிதன்' படத்தின் "பிறக்கும் போதும் அழுகின்றாய்", 'அன்னை'யின் "புத்தியுள்ள மனிதரெல்லாம்" இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். தொடங்கினால் அவரைத் தத்துவப் பாடகர் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். முகத்தை மறந்து கேட்க இன்னொரு வழியும் உண்டு: 'பெண்' (1954) படத்தின் "கல்யாணம்" பாட்டு. அதில் குரல் சந்திரபாபு, திரையில் வாயசைப்பவர் வீணை எஸ். பாலசந்தர்.

பாட்டின் நடுவே அவர் குரலை உடைத்துத் தாவவிடும் யோடலிங்கைக் கேட்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். ஒருநாள் மறந்துபோய் 45 தட்டை 33-இல் சுற்றவிட்டுவிட்டேன். வேகம் கால்வாசி குறைந்து, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இறங்கியது. நிறுத்தப் போன கை நின்றது. வேகமாகக் கேட்டபோது வெறும் குறும்பாகத் தெரிந்த இடத்தில், மார்பிலிருந்து எழும் குரல் சட்டென்று உடைந்து மேலே கள்ளக்குரலுக்குத் தாவுவது தனித்தனியாகக் கேட்டது. தாவல் ஒவ்வொன்றும் குறி தவறாமல் சுரத்தில் போய் உட்கார்ந்தது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை இது. இந்தியில் கிஷோர் குமாரும் செய்தார். அப்படி ஒருமுறை மெதுவாகக் கேட்டுவிட்டு மறுபடி 45-க்குத் திருப்புங்கள். போனில் வேகத்தைக் குறைத்தால் சுருதி இறங்காது, ஆனாலும் உடையும் இடம் பிடிபடும்.

முடிந்ததும் தட்டுகளைப் படுக்க அடுக்காமல் நிற்க வைத்து, டின்னில் பழைய வரிசையிலேயே வையுங்கள். நான் வரிசையைச் சரியாகத்தான் வைத்தேன். அண்ணன் தீபாவளிக்கு வந்து, வெளுத்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பிளேயரில் போட்டான். 'சகோதரி' படத்தின் "நான் ஒரு முட்டாளுங்க". பல்லவியிலேயே ஊசி மாட்டிக்கொண்டு "முட்டாளுங்க, முட்டாளுங்க" என்று சுற்றியது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் ஓடவிட்டான். அந்தத் தட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்த இடம் வரும்போது ஊசிக்கையை ஒரு விரலால் மெல்ல முன்னே நகர்த்திவிட வேண்டும்.