பழைய காசுக்கு என்ன விலை போகும்? நீங்களே கணக்குப் போடும் வழி

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜராஜ சோழன் செப்புக் காசு, சுமாரான நிலையில், நாணயக் கண்காட்சிகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. 1939-ஆம் ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. ஆனால் அசலாக இருந்தால் அதன் விலை லட்சத்தில்தான் பேசப்படும். ஆகவே "எவ்வளவு பழசு?" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, கையிலிருக்கும் காசை இப்படிப் பாருங்கள்.

படி 1: காசைப் படியுங்கள்

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். யார் தலை, எந்த ஆண்டு, என்ன மதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிந்தைய காசு என்றால் ஆண்டுக்குக் கீழே மின்ட் மார்க், அதாவது எந்த நாணய ஆலையில் அடித்தது என்று காட்டும் சின்னக் குறி, இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய வைரக்கட்டம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு என்றாலும் ஓர் ஆலையில் ஏராளமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் அடித்திருப்பார்கள். விலையும் அதற்கேற்ப மாறும்.

படி 2: அடிமட்ட விலை

வெள்ளி ரூபாய் என்றால் எடை போடுங்கள். பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல். சுத்த வெள்ளியின் எடையை விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது உலோக மதிப்பு. அதற்கும் கீழே யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 3: எத்தனை மிஞ்சியிருக்கிறது?

எத்தனை அடித்தார்கள் என்பது பாதிக் கதைதான். எத்தனை மிஞ்சியது என்பதையும் பார்க்க வேண்டும். 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இதற்கு நல்ல உதாரணம். அரசரின் அங்கியில் சின்னதாக ஒரு யானை இருக்கும். தும்பிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்துவிட்டதால் பார்த்தவர்கள் அதைப் பன்றி என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. சுமார் 94 லட்சம் அடித்ததில் ஏறக்குறைய 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இன்றும் 'பன்றி ரூபாய்' என்றே அதற்குப் பெயர்.

நேர்மாறானது விக்டோரியா ராணியின் 1862 ரூபாய். அடுத்து வந்த பல வருடங்களுக்கும் அதே ஆண்டைப் போட்டே அடித்ததால் எங்கும் கிடைக்கும். சாதாரண வகை என்றால் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான்.

படி 4: யார் தேடுகிறார்கள்?

இந்த இடத்தில்தான் புதிதாக வருபவர்கள் சறுக்குகிறார்கள். அரிதான காசாக இருந்தும் தேடுபவர் நாலு பேர்தான் என்றால் விலை ஏறாது. அதிகம் அறியப்படாத சிற்றரசர்களின் செப்புக் காசுகள் பலவற்றுக்கு இதுதான் நிலைமை. 1939 ரூபாய்க்கு ஏன் அப்படி அடித்துக்கொள்கிறார்கள்? ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். 1938-லிருந்து 1945 வரை அடுக்கினால், ஆல்பத்தில் காலியாக நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு குழிதான். அத்தனை பேரும் ஒரே காசைத் துரத்துகிறார்கள்.

அதனாலேயே போலியும் அதில் அதிகம். கடைசி '9' ஒட்டியதா, செதுக்கியதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

படி 5: கண்டிஷன்

முடி, மகுடம், எழுத்துகளின் விளிம்பு ஆகியவைதான் முதலில் தேயும். அவை கூர்மையாக இருந்தால் அதே காசு பல மடங்கு போகும். தயவுசெய்து புளி, சாம்பல், பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளக்கும், சரி. ஆனால் தேய்த்த கீறலைச் சேகரிப்பாளர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

படி 6: விற்ற விலையைப் பாருங்கள்

இணையத்தில் ஐந்து ரூபாய்க் காசுக்கு யார் வேண்டுமானாலும் பத்து லட்சம் என்று எழுதி வைக்கலாம். ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த ஏலங்களின் பட்டியலில், உங்கள் காசின் அதே ஆண்டு, அதே ஆலை, அதே நிலையில் உள்ளது எவ்வளவுக்குப் போனது என்று தேடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், கிடைக்கிற எல்லாவற்றையும் பாருங்கள். வியாபாரி தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வைஷ்ணவி தேவி படம் போட்ட காசுக்கு லட்சங்கள் தருவதாக அழைப்பு வந்தால், அப்புறம் 'கமிஷன்', 'வரி' என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. இப்படி முன்பணம் கேட்டதும் போனை வைத்துவிடுங்கள்.