வேலை உரிமைகள்: சொன்னதையும் செய்ததையும் எழுத்தில் வைத்துக்கொள்ளும் முறை

பணியிடத் தகராறு ஒன்று அதிகாரியின் மேசைக்குப் போகும்போது, முதலில் கேட்கப்படுவது "உங்களிடம் என்ன எழுத்தில் இருக்கிறது?" என்பதுதான். சம்பளம் இவ்வளவு என்று வாயால் சொன்னார்கள் என ஒருவர் கூற, அப்படிச் சொல்லவே இல்லை என மற்றவர் மறுத்தால், நியாயம் யார் பக்கம் இருந்தாலும் அதை நிலைநாட்டுவது கடினம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழும் உரிமையைக் காப்பாற்றித் தருவது அன்றன்றே எழுதி வைத்த குறிப்புதான். தொழிலாளிக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு முதலாளிக்கும் இது பொருந்தும்.

வேலையில் சேரும் நாளிலேயே பணி நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பதவி, சம்பளம், அது வழங்கப்படும் தேதி, வேலை நேரம், விடுப்பு, தகுதிகாண் காலம் முடியும் நாள், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடிதம் தரத் தயங்கும் இடமாக இருந்தால், நீங்களே அன்று மாலை ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடலாம்: "இன்று பேசியபடி வரும் 1ஆம் தேதி முதல் பணிக்கு வருகிறேன். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, இடையில் ஒரு மணி நேர இடைவேளை, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இதில் திருத்தம் இருந்தால் தெரிவியுங்கள்." பேசிய சம்பளத் தொகையையும் அதில் தவறாமல் சேர்த்துவிடுங்கள். பணிவாக எழுதப்பட்ட இந்த நான்கைந்து வரிகளுக்கு மறுப்பு வராவிட்டால், பிற்காலத்தில் அதுவே நல்ல சான்று. அசல் சான்றிதழ்களையோ கடவுச்சீட்டையோ ஒப்படைக்கச் சொன்னால், நகலை மட்டும் கொடுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கருதுகிறது.

"நீங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர்" என்று எழுதி வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என நினைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். தாளில் உள்ள பெயரைவிட, யார் நேரத்தை வகுக்கிறார், யார் மேற்பார்க்கிறார், வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையே முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்று அந்த அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது.

சம்பளச் சீட்டை மொத்தத் தொகையோடு நிறுத்திவிடாமல் வரி வரியாகப் படியுங்கள். "இதர பிடித்தம்" என்று ஒரே சொல்லில் ஒரு தொகை கழிக்கப்பட்டிருந்தால், அது எதற்கு, எந்த விதியின் கீழ் என்று அந்த வாரமே எழுதிக் கேளுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் பிடித்தம் மட்டுமே செல்லும். வேலை வாங்கித் தந்ததற்கெனச் சம்பளத்தில் கழிப்பதற்கு அதில் முழுத் தடை இருக்கிறது. முதலாளியின் பக்கம் சொல்வதானால், பிடித்தத்தின் காரணத்தைச் சீட்டிலேயே தெளிவாக எழுதிவிடுவது பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை அதே அமைப்பின் முதல் உடன்படிக்கை 1919ஆம் ஆண்டில் வகுத்தது. மிகுநேர வேலைக்குக் குறைந்தது வழக்கமான ஊதியத்தின் ஒன்றேகால் பங்கு என்றும் அது கூறியது. பல நாடுகளின் சட்டம் அதற்கும் மேலே போகிறது. ஆனால் மிகுநேரம் பார்த்ததை யார் நிரூபிப்பது? ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், இருக்கச் சொன்னவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வாருங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய பக்கத்துக்கும், நாள்தோறும் எழுதியதற்கும் உள்ள வேறுபாடு பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும்.

அதிகக் கவனம் வேண்டிய இடம் பணிநீக்கம். கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடும் முதலாளி, தம் பக்கம் நியாயம் இருந்தும் தோற்கக்கூடும். பணிநீக்கம் பற்றிய அந்த அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கை காட்டும் முறை எளிது: திறமை, நடத்தை அல்லது நிறுவனத்தின் தேவை சார்ந்த தகுந்த காரணம் வேண்டும், நடத்தை அல்லது செயல்திறன் காரணமென்றால் குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் தர வாய்ப்பளிக்க வேண்டும், கடுமையான தவறு தவிர மற்றவற்றில் முன்னறிவிப்போ அதற்கீடான தொகையோ தர வேண்டும். நோயால் தற்காலிகமாக வராததும், சட்டமீறல் குறித்துப் புகார் கொடுத்ததும் தகுந்த காரணங்கள் ஆகா. விளக்கம் கேட்கும் கடிதத்தில் "சரியாக வேலை செய்வதில்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்த நாளில், எந்த வேலையில், என்ன தவறு என்று முதலாளி எழுத வேண்டும். அதைப் பெறும் தொழிலாளி வாங்க மறுக்கக் கூடாது என்பதே என் கருத்து. பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டு, கெடுவுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதே அவருக்குப் பாதுகாப்பு.

விலகச் சொல்லி வற்புறுத்தினால், அந்த அறையிலேயே ராஜினாமாவில் கையெழுத்திடாதீர்கள். "யோசித்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லி வெளியே வாருங்கள். வெற்றுத் தாளிலும், கைக்கு வராத பணத்துக்கான ரசீதிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கடைசிக் கணக்கைத் தீர்க்கும்போது பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, அனுபவச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

பேசித் தீராவிட்டால் முதலில் நிறுவனத்துக்குள் எழுத்துப்பூர்வமாக முறையிட்டு, பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்தையோ தொழிற்சங்கத்தையோ அணுகுங்கள். புகார் கொடுப்பதற்கான கால வரம்பு சில இடங்களில் மிகக் குறுகியது என்பதால், அது எத்தனை நாள் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடந்தவற்றைத் தேதி வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான கடிதம் அல்லது சீட்டின் எண்ணைக் குறித்து, நகல்களை மட்டும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் படியில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.