நெட் வந்து வந்து போகிறதா? ரவுட்டர் பதில் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்

எங்கள் வீட்டுக் கணினியில் மூன்று வாரம் நெட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரேயடியாகப் போயிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். இது காலையில் நன்றாக இருக்கும், பதினொரு மணிக்குப் பக்கம் திறக்காது, கணினியை அணைத்துப் போட்டால் வரும், மதியம் மறுபடி போகும். வைஃபை குறியில் கோடுகள் மட்டும் எப்போதும் நிறைந்தே இருந்தன. இணைய சேவை கொடுப்பவர்களிடமிருந்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான் என்று கடைசியில்தான் தெரிந்தது.

என்ன செய்தேன், எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கிண்டலுக்குச் சொல்லவில்லை. நெட் போகும் நேரம், அப்போது போனில் நெட் இருந்ததா, எப்படித் திரும்ப வந்தது, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். தாளின் மேலே, தொந்தரவு ஆரம்பிப்பதற்கு முந்தைய வாரத்தில் வீட்டில் என்ன மாறியது என்றும் எழுதுங்கள். புது டிவி, புது கேமரா, இடம் மாற்றி வைத்த பெட்டி, எதுவாக இருந்தாலும் சரி. நான் அதை எழுதாமல் விட்டதால்தான் மூன்று வாரம் ஆனது.

போனில் பார்க்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபையில் நெட் இல்லையென்றால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நாம் போனில் நன்றாக வருகிறதே என்று ஏமாந்துபோவோம்.

எல்லாச் சாதனத்திலும் ஒரே நேரத்தில் போகிறது, ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். சேவை கொடுப்பவர்களைக் கூப்பிடுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

கணினியின் முகவரியைப் பாருங்கள்

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, சிஎம்டி என்று அடித்து எண்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். இரண்டு வரிகள் போதும்: ஐபிவி4 அட்ரஸ், டிஃபால்ட் கேட்வே. கேட்வே என்பது உங்கள் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ஐபிவி4 அட்ரஸ் 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, அது தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் கேபிள், வைஃபை பக்கம்தான் கோளாறு, நேராகக் கீழே உள்ள "அது இல்லையென்றால்" பகுதிக்குப் போங்கள்.

இரண்டு பிங், இரண்டு ஜன்னல்

நெட் வேகமாக்கும் மென்பொருள், நெட்வொர்க் ரிப்பேர் மென்பொருள் எதுவும் வேண்டாம். இரண்டு போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஸ்கேன் செய்துவிட்டுப் பணம் கேட்டன. விண்டோஸிலேயே இருக்கும் பிங் போதும், ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது.

ஒரு கறுப்புத் திரையில் பிங், இடைவெளி, 192.168.1.1, இடைவெளி, சின்னக் கோடு, அதை ஒட்டி டி (டைம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) என்று அடியுங்கள் (உங்கள் கேட்வே வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்). இன்னொரு திரையைத் திறந்து அதே மாதிரி 8.8.8.8 என்ற கூகிள் முகவரிக்கு. கடைசியில் டி இருப்பதால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த கன்ட்ரோல் விசையோடு சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள், நெட் போனதும் திரும்பிப் பாருங்கள்.

இரண்டுமே நின்றுவிட்டால் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கோளாறு. இரண்டும் ஓடுகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம் கோளாறு. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். கணினியின் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், தேதி வருடக் கணக்கில் தப்பாக இருந்தால் பூட்டுக் குறி போட்ட பக்கங்கள் திறக்காது.

ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 மட்டும் நின்றுவிட்டது என்றால் வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளி லைன்தான் கோளாறு என்று எங்கே படித்தாலும் சொல்வார்கள். எனக்கு இதுதான் வந்தது. ரவுட்டரிடமிருந்து ஒரு மில்லி செகண்டில், இரண்டு மில்லி செகண்டில் பதில் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஜன்னலில் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட், அதாவது பதில் வரவில்லை, என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பித்தான் லைன் பார்க்கும் ஆளை வரவழைத்தேன்.

பதில் சொல்வது யார்?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், நான் மாட்டியது இங்கேதான்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போகலாம் என்று உலாவியில் 192.168.1.1 அடித்தேன், கடவுச்சொல் தப்பு என்று சொன்னது. முந்தின நாள்தான் அதே கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போயிருந்தேன். மூன்று முறை அடித்தும் இல்லை. அரை மணி கழித்து நெட் வந்ததும் மறுபடி போட்டேன், உடனே திறந்தது. அப்போதுதான் உறைத்தது, முன்னால் வந்த பக்கம் நீல நிறம், இப்போது வந்திருப்பது வெள்ளை. ஒரே முகவரி, இரண்டு வேறு பக்கங்கள்.

பின் அறையில் சிக்னல் வரவில்லை என்று பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து, புது ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அங்கே மாட்டியிருந்தேன். மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முதல் இரண்டு நாள் ஒரு தொந்தரவும் இல்லாததால் இரண்டையும் முடிச்சுப் போட்டே பார்க்கவில்லை. புதுசின் முகவரி 192.168.1.1. பழையதும் அதே 192.168.1.1.

கணினி இணையத்துக்கு எதை அனுப்பினாலும் முதலில் கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். அதற்காக 192.168.1.1 யார் என்று வீட்டு வலையமைப்புக்குள் பொதுவாகக் கூவிக் கேட்கும். நான்தான் என்று பதில் வந்த சாதனத்தின் வன்பொருள் முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதற்கே அனுப்பும், அப்புறம் மறுபடி கேட்கும். எங்கள் வீட்டில் இரண்டு பேர் நான்தான் என்றார்கள். புதுசின் பதில் பதிந்தபோது நெட் இருந்தது. பழையதன் பதில் பதிந்தபோது எல்லாம் அதற்குப் போனது, அதற்கோ வெளி லைனே கிடையாது. ஆனால் பிங்குக்கு மட்டும் ஒரு மில்லி செகண்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இதைப் பிடிக்க ஒரே கட்டளை. நெட் இருக்கும்போது கறுப்புத் திரையில் ஏஆர்பி, இடைவெளி, சின்னக் கோடு, அதை ஒட்டி ஏ என்று அடியுங்கள். ஒரு பட்டியல் வரும். கேட்வே முகவரிக்கு நேரே, ஃபிசிக்கல் அட்ரஸ் என்ற பத்தியில் இரண்டிரண்டாக ஆறு ஜோடி இருக்கும், அதுதான் அந்த வன்பொருள் முகவரி. தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நெட் போனதும் திரும்ப அடித்து ஒப்பிடுங்கள். என் தாளில் நெட் இருந்தபோது கடைசி ஜோடி 17, போனபோது 90. முதல் மூன்று ஜோடியும் வேறாக இருந்தன, அந்த மூன்றும் தயாரிப்பாளரைக் குறிப்பவை. ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒட்டிய தாளில் மேக் என்று போட்டு இதே எண் இருக்கும். ஒட்டியிருப்பதற்கும் திரையில் வருவதற்கும் கடைசி ஜோடியில் ஒன்றிரண்டு வித்தியாசம் இருக்கலாம், ஒரே பெட்டிக்கு அப்படிச் சில முகவரிகள் உண்டு. முதல் மூன்றும் மாறினால்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு ரவுட்டரும் ஒரே நிறுவனத்துடையது என்றால் முதல் மூன்று ஒன்றாகவே இருக்கலாம், அப்போது ஆறையும் ஒப்பிடுங்கள்.

இன்னும் சுலபமான வழி, சந்தேகப்படும் பெட்டியின் மின்சாரத்தை ஒரு நாள் முழுக்க நிறுத்திவையுங்கள். அந்த நாள் முழுக்க நெட் போகவில்லை என்றால் தெரிந்துவிட்டது.

பழைய ரவுட்டரைச் சரி செய்வது

தூக்கிப் போட வேண்டாம், வைஃபை கொடுக்கும் பெட்டியாக நன்றாக உழைக்கும். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

புது ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைப் பழையதிலிருந்து கழற்றுங்கள். கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு கேபிளால் கணினியைப் பழையதோடு மட்டும் இணையுங்கள். உலாவியில் அதன் பக்கத்தைத் திறந்து, லேன் (வீட்டு வலையமைப்பு) அமைப்பில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். அது அணைந்து எழுந்துகொள்ளும். இப்போது புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபி என்பதை நிறுத்துங்கள். சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் வேலை அது, ஒரு வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான் அதைச் செய்ய வேண்டும். பழையதும் பங்கிட்டால் தன்னையே கேட்வே என்று சொல்லிக் கொடுக்கும், முகவரியை மாற்றியும் தொந்தரவு தீராது.

அப்புறம் கணினியைப் பழையபடி புது ரவுட்டரோடு இணைத்து, அதன் டிஹெச்சிபி பக்கத்தைப் பாருங்கள். பங்கிடும் முகவரிகள் 2-லிருந்தே தொடங்கினால் 10-லிருந்து தொடங்குமாறு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் 192.168.1.2-ஐ ஒரு போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். கடைசியாக, முதலில் கழற்றிய கேபிளைப் பழையதன் லேன் துளையில் செருகுங்கள். வெளி லைனுக்கான, தனி நிறத்தில் இருக்கும் வேன் துளையில் வேண்டாம்.

அது இல்லையென்றால்

வீட்டில் ஒரே ரவுட்டர்தான் என்றால் நான் இந்த வரிசையில் பார்ப்பேன். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர், அதன் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் அந்தப் பத்தியே இருக்காது, விட்டுவிடலாம்.

கேபிள் போட்டிருந்தால் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கேபிளுக்குள் எட்டு கம்பிகள், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ரவுட்டரும் கணினியும் ஜிகாபிட்டாக இருந்து வேகம் 100 என்று காட்டினால் ஒரு கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். கேபிளை மாற்றுங்கள், வளைத்து நெளித்துப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் அப்டைம் என்று ஒன்று இருக்கும், எத்தனை நேரமாக அணையாமல் ஓடுகிறது என்ற கணக்கு. நீங்கள் அணைக்காமலே அது பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால் ரவுட்டர் தானாக அணைந்து எழுகிறது. பெரும்பாலும் சார்ஜர் மாதிரி இருக்கும் அதன் அடாப்டர் நொந்துபோயிருக்கும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியரில், அதே முனையோடு வேறு ஒன்று மாட்டிப் பாருங்கள்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைப் பக்கம்தான் இயங்குகிறது, சமைக்கும் நேரத்தோடு உங்கள் தாளை ஒப்பிடுங்கள். மேசைக் கணினிக்கு என்னைக் கேட்டால் கேபிள்தான்.

நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தானைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும், விபிஎன் வைத்திருந்தால் அதையும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்தவர்களில் சிலர் முகவரியை மாற்றும் முன்பே டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, பழைய ரவுட்டருக்குள் போக முடியாமல் நின்றுவிட்டார்கள். கணினிக்கு முகவரி கொடுக்க இப்போது ஆள் இல்லை, அதனால் வருவதுதான் அந்த 169.254. பதற வேண்டாம். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் ஐபியைக் கையால் போடுங்கள்: முகவரி 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. பழைய ரவுட்டரின் பக்கம் திறக்கும், வேலையை முடித்துக்கொள்ளலாம். முடித்ததும் கணினியை மறக்காமல் தானியங்கிக்குத் திருப்பிவிடுங்கள்.

இன்னொருவர் வீட்டில் இரண்டாவது ரவுட்டரே இல்லை, ஆனாலும் வன்பொருள் முகவரி மாறிக்கொண்டே இருந்தது. கையால் முகவரி போட்ட ஒரு பழைய பிரிண்டருக்கு 192.168.1.1 என்றே யாரோ கொடுத்திருந்தார்கள். பிரிண்டரை எழுப்பிய நேரம் மட்டும் நெட் போயிருக்கிறது. அதற்கு 192.168.1.5 என்று மாற்றிக் கொடுத்ததும் நின்றுவிட்டது.